கனவு நாட்டின் அடுக்களை: ரொக்கேயாவின் பெண்ணாடும் மறைந்துபோன மூன்றாமவரும்

கேள்வி

இல்லாத ஒரு நாட்டை எழுத்தில் நிர்மாணிக்கப் புகுந்த ஆசிரியர்கள், அதன் அரசியலமைப்பையும் தண்டனை முறையையும் கல்வியையும் வீதிகளின் அகலத்தையும்கூட நிதானமாக விவரித்துவிட்டு, அந்நாட்டில் அன்றாடம் உலை வைப்பவர் யார், எச்சில் பாத்திரம் துலக்குபவர் யார், நடுநிசியில் அழுகிற குழந்தையைத் தூக்குபவர் யார் என்ற இடத்துக்கு வந்ததும் ஒன்றிரண்டு வாக்கியங்களில் அதைக் கடந்து போய்விடுவது நெடுங்கால வழக்கம். 1516-இல் தாமஸ் மோர் எழுதிய ‘யுடோப்பியா’ இதற்கு ஆதி உதாரணம். தனிச் சொத்து என்பதே இல்லாத அந்தத் தீவில் எல்லாரும் பொது மண்டபத்தில் உண்கிறார்கள். சமையலைக் குடும்பத்துப் பெண்கள் முறைவைத்துச் செய்கிறார்கள். அழுக்கும் பளுவுமான வேலைகள் அடிமைகளுக்கு. ஓர் இலக்கிய வகைக்குத் தன் பெயரையே கொடுத்த நூலில், சமத்துவம் பேசப்படும் மண்டபத்தின் பின்கட்டில், இவ்வாறு இரண்டு வகை ஜனங்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஸ்திரீகளின் தாழ்நிலையைத் தகர்க்கும் உத்தேசத்துடனேயே எழுதப்பட்ட ஊகப் புனைகதைகள் இந்தப் பின்கட்டை என்ன செய்தன என்பதே இக்கட்டுரை ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி. ரொக்கேயா சகாவத் ஹுசைனின் ‘சுல்தானாவின் கனவு’ இங்கே பிரதானமான பிரமாணம். அதற்கு முன்னும் பின்னும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தோன்றிய சில நூல்கள் ஒப்பீட்டுக்காக வருகின்றன. ஆண் பெண் ஸ்தானங்களைத் தலைகீழாக்கும் யுக்தி இந்த வகைக் கதைகளின் மிகக் கூரிய ஆயுதம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இருவரை மட்டுமே இடம் மாற்றும் அந்த யுக்தி, உண்மையான வீட்டில் எப்போதும் இருந்துவந்த மூன்றாமவரை, அதாவது வேலைக்காரியை, கண்ணிலிருந்தே மறைத்துவிடுகிறது என்பது என் வாதம்.

சென்னையில் அச்சேறிய வங்காளக் கனவு

ரொக்கேயா 1880-இல், இன்று வங்காளதேசத்தில் உள்ள ரங்பூர்ப் பகுதியில், பைராபந்த் என்னும் கிராமத்து ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர். அக்குடும்பத்துப் பெண்களுக்கு வங்காளியும் ஆங்கிலமும் கற்பிக்கப்படுவதில்லை. தமையனார் இப்ராஹிம் சாபேர், வீட்டார் உறங்கிய பின் இரவு வேளைகளில் தங்கைக்கு அவற்றைக் கற்பித்தார் என்பது அவருடைய சரித்திரத்தில் எல்லாரும் சொல்லும் செய்தி. கணவர் சகாவத் ஹுசைன் பீகாரைச் சேர்ந்த பாகல்பூரில் உதவி மாஜிஸ்திரேட்டாக உத்தியோகம் பார்த்தவர். வயதில் மூத்தவர், முன்பே மணந்து மனைவியை இழந்தவர், மனைவி எழுதுவதை ஊக்கியவர். அவர் சுற்றுப்பயணம் போயிருந்த நாட்களில் பொழுது போகாமல் ரொக்கேயா ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்ததுதான் இந்தக் கதை. கணவர் திரும்பி வந்து, உட்காரக்கூடத் தோன்றாமல், நின்றபடியே அதைப் படித்து முடித்து, பயங்கரமான பழிவாங்கல் என்ற பொருளில் ஒரு வார்த்தை சொன்னதாக ஆசிரியையே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அவருக்குக் கிடைத்த முதல் விமர்சனமும் அதுவே. பின்வந்த விமர்சகர் பலர் அதைத் தாண்டிச் செல்லவில்லை என்றும் சொல்லலாம்.

கதை 1905-இல் வெளிவந்தது சென்னையில். 1901-இல் கமலா சத்தியநாதன் இங்கிருந்து ஆங்கிலத்தில் தொடங்கி நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகஸீன்’ என்னும் மாத இதழே அதை முதலில் ஏற்றுக்கொண்டது. கல்கத்தாவில் புத்தகமாக வந்தது 1908-இல்தான். சுப்பிரமணிய பாரதியை ஆசிரியராகக் கொண்ட ‘சக்கரவர்த்தினி’ என்ற பெண்கள் மாத இதழும் அதே 1905-இல் அதே நகரத்தில்தான் பிறந்தது. பாகல்பூரின் அந்தப்புரத்தில் எழுதப்பட்ட ஒரு கதை, வங்காள மாகாணத்தின் பத்திரிகைகளை விட்டு ஆயிரம் மைல் தெற்கே வந்து அச்சேறியதற்கு, ஸ்திரீகளுக்கென்று ஒரு ஸ்திரீ நடத்திய ஆங்கிலப் பத்திரிகை இங்கே இருந்ததே முக்கிய ஹேதுவாக இருக்கவேண்டும். சென்னையின் இலக்கிய சரித்திரத்தை எழுதுகிறவர்கள் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்குவது நியாயம்.

கதையின் போக்கு எளிது. இந்தியப் பெண்களின் நிலையை எண்ணியபடி சாய்வு நாற்காலியில் கிடந்த சுல்தானா, ‘சகோதரி ஸாரா’ என்னும் தோழியுடன் பகலிலே, திரையில்லாமல், பெண்ணாடு என்னும் ஒரு நாட்டின் வீதிகளில் உலாவுகிறாள். அங்கே ஆண்கள் யாரும் வெளியில் இல்லை. அவர்களெல்லாரும் ‘மர்தானா’வில் அடைபட்டுச் சமைத்தும் குழந்தைகளைப் பார்த்தும் வாழ்கிறார்கள். இந்த நிலை எப்படி வந்தது என்பதற்கு ஒரு பூர்வகதையும் உண்டு. அந்நாட்டு ராணி இளம்வயது மணத்தைத் தடைசெய்து, பெண்களுக்கென்று சர்வகலாசாலைகள் ஏற்படுத்தினாள். ஒன்று மேகங்களிலிருந்து நேராக நீர் இறக்கும் பலூனைக் கண்டுபிடித்தது. மற்றொன்று சூரிய வெப்பத்தைத் திரட்டிச் சேமிக்கும் வித்தையை. ஆண்கள் இவற்றைப் பரிஹசித்துவிட்டுப் படைபலத்தைப் பெருக்கினார்கள். யுத்தம் வந்தது, படை தோற்றது, ஆண்கள் முதலில் அந்தப்புரங்களுக்குள் போய்விடவேண்டும் என்ற நிபந்தனையின்பேரில், ஒரு சர்வகலாசாலைத் தலைவி தன் 2000 மாணவிகளுடன் போர்முனைக்குச் சென்று, திரட்டிய சூரிய கிரணங்களை எதிரியின்மேல் திருப்பி வென்றாள். உள்ளே போன ஆண்கள் உள்ளேயே இருந்துவிட்டார்கள்.

பத்து வருஷங்களுக்குப் பின் வந்த ஷார்லட் பெர்க்கின்ஸ் கில்மனின் ‘ஹெர்லாண்ட்’ நாவலுக்கு இக்கதை முற்பட்டது என்பது இந்திய எழுத்தாளர்கள் பெருமையுடன் சுட்டும் செய்தி. முற்பட்டது உண்மையே. ஆனால் அந்த வரிசையில் முதலாவது அன்று: இங்கிலாந்தில் மார்கரெட் கேவண்டிஷ் 1666-லேயே ஒரு பெண் சக்கரவர்த்தினி ஆளும் வேற்றுலகத்தை எழுதிவிட்டார். அமெரிக்காவில் மேரி பிராட்லி லேன் எழுதிய, பெண்கள் மட்டுமே வாழும் ‘மிஸோரா’ 1880-ஐ ஒட்டிப் பத்திரிகைத் தொடராக வந்தது. முந்தியது எது என்ற வழக்கு, நூலை ஆராய்வதற்குப் பதிலாகப் பந்தயத்தை நடத்துவதாக முடிந்துவிடுகிறது.

புகையில்லாத அடுப்பு

ஸாரா சுல்தானாவை அடுக்களைக்கு அழைத்துச் செல்லும் பகுதி அரைப்பக்கத்துக்குமேல் நீளாது. எனினும் கதையின் உயிர்நாடி அங்கே இருக்கிறது. அழகிய காய்கறித் தோட்டத்தின் நடுவே சமையலறை. கரி இல்லை, நெருப்பு இல்லை, புகைபோக்கியும் இல்லை. குழாய் வழியே வந்த சூரிய வெப்பத்தில் சமையல் நடக்கிறது.

இதை வெறும் மாயாஜாலம் என்று தள்ளிவிடுதல் பிசகு. 1878-ஆம் வருஷத்துப் பாரிஸ் சர்வதேசப் பொருட்காட்சியில் அகுஸ்தென் மூஷோ என்னும் பிரெஞ்சு ஆசிரியர் சூரிய வெப்பத்தால் இயங்கும் எந்திரத்தைக் காட்டிப் பரிசு பெற்றார். அதே 1878-இல் பம்பாயில், வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கில உத்தியோகஸ்தர், உஷ்ண தேசங்களில் விறகுக்கும் கரிக்கும் பதிலாகச் சூரிய வெப்பத்தைப் பயன்படுத்துவது பற்றி ஒரு புத்தகமே பிரசுரித்தார். கண்ணாடிகளைக் கொண்டு சமைக்கும் கருவி ஒன்றையும் செய்து காட்டினார். ரொக்கேயாவின் கனவு, ஆகவே, அவர் காலத்து விஞ்ஞானம் ஏற்கெனவே தட்டத் தொடங்கியிருந்த ஒரு கதவின்முன் நின்றது. ஆயினும் மூஷோவுக்கு அது ராஜ்யத்தின் எரிபொருட் பிரச்சினை. ஆடம்ஸுக்கு அது செலவுக் கணக்கு. அந்த வெப்பத்தை அடுக்களைக்குக் கொண்டுவந்து, புகையில் கண் கரிந்தவளின் பக்கத்திலிருந்து அதை நோக்கியதே ரொக்கேயாவின் தனிச் சிறப்பு. போர்க்களத்தில் எதிரியைத் துரத்திய அதே கிரணம் சமையலறையில் சோறு வேகவைக்கிறது என்ற அமைப்பில், யுத்தத்தையும் குடித்தனத்தையும் ஒரே விஞ்ஞானத்தின் இரண்டு உபயோகங்களாகக் காணும் புத்தி இருக்கிறது. பிற்காலத்தார் இக்கதையில் சுற்றுச்சூழல் சிந்தனையின் முன்னறிவைக் கண்டதும் இந்த வாசலின் வழியேதான். அது நியாயமான வாசிப்பு. ஆனால் அடுப்பின் எரிபொருளைப் பார்த்தவர்கள், அடுப்பின் முன் நின்றவரைப் பார்த்தார்களா?

விலகிப் போகச் சொல்லப்பட்டவர்கள்

சுல்தானா உள்ளே நுழைவதற்கு முன், அங்கிருந்த ஆண்களை அப்பால் போகச் சொல்லியிருந்தார்கள் என்று கதை ஒரு வாக்கியத்தில் தெரிவிக்கிறது. போகிறபோக்கில் சொல்லப்பட்ட இந்த விவரம் மிகவும் கருதத்தக்கது. அடுக்களை இருக்கிறது, அதில் வேலை செய்தவர்கள் இல்லை. தோட்டம், குழாய், சுத்தமான தரை, எல்லாம் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. கைகள் மட்டும் அப்புறப்படுத்தப்பட்டிருக்கின்றன.

இதற்கு ஓர் ஆக்ஷேபம் உடனே எழும். கோஷா வழங்கும் வீட்டில் அந்நிய ஆடவர் வந்தால் ஸ்திரீகள் உள்ளே மறைவது சம்பிரதாயம். அதையே தலைகீழாக்கி, அந்நிய ஸ்திரீ வந்ததும் ஆடவர் மறைவதாக எழுதினார். இது அங்கதமேயன்றி அரசியல் திட்டமன்று. அங்கதத்தின் கண்ணாடியில் கணக்குப் புத்தகத்தைத் தேடுவது ரசனைக் குறைவு. இந்த வாதத்தின் பலத்தை நான் மறுக்கவில்லை. பித்தர்களை ஊரில் உலாவ விட்டுத் தெளிந்த புத்தியுள்ளவர்களைப் பூட்டிவைப்பது எந்த ஊர் நியாயம் என்று ஸாரா கேட்கும் இடத்திலும், மனிதனைவிடச் சிங்கம் பலசாலியாயிற்றே, அதற்காக அது மனிதகுலத்தை ஆளுகிறதா என்று மடக்கும் இடத்திலும், நையாண்டியின் நோக்கம் தீர்க்கமாகத் தெரிகிறது. இருப்பதை நியாயப்படுத்தும் தர்க்கத்தை எடுத்து, அதே தர்க்கத்தால் அதற்கு எதிரானதையும் நியாயப்படுத்திக் காட்டினால், முதல் தர்க்கம் தானே நகைப்புக்கிடமாகிவிடும். அந்த வேலையை இக்கதை செய்ததுபோல் நமது தேசத்தில் அதற்கு முன் எதுவும் செய்யவில்லை.

ஆனால் கண்ணாடி எதைக் காட்டவில்லை என்பதும் பார்க்கத்தக்கதே. ரொக்கேயா பிறந்து வளர்ந்த ஜமீன் வீட்டில் இருந்தவர்கள் எஜமானரும் எஜமானியும் மட்டும் அல்லர். தண்ணீர் சுமப்பவள், கூட்டுபவள், பிள்ளை தூக்குபவள், சமையற்காரி என்று ஒரு பரிவாரமே உண்டு. அவர்களைப் பொறுத்தவரை கோஷா என்பது வேறு சமாசாரம். வயலிலும் சந்தையிலும் உழைத்தாகவேண்டிய ஏழைப் பெண்ணுக்குத் திரை என்பது கட்டுப்படியாகாத அந்தஸ்து. 1931-இல் ரொக்கேயா வெளியிட்ட ‘அவரோத்பாஸினி’யில், கோஷாவின் கொடுமைகளைச் சொல்லும் 47 சிறு நிகழ்ச்சிகளில், இந்தப் பணிப்பெண்கள் அடிக்கடி நடமாடுகிறார்கள். எஜமானியம்மாள் வெளியார் கண்ணில் படாமலிருக்க, வெளியார் கண்ணில் படக்கூடிய இன்னொரு பெண் வேண்டியிருந்தது.

இப்போது தலைகீழாக்கத்தைத் திரும்பவும் நோக்கினால், மூவர் இருந்த வீட்டில் இருவர் மட்டும் இடம் மாறியிருப்பது புலப்படும். எஜமானர் உள்ளே போனார். எஜமானி வெளியே வந்தாள். வேலைக்காரி எங்கே போனாள் என்று கதை சொல்லவில்லை. பெண்ணாட்டில் ஆண்கள் எல்லாரும் ஒரே வர்க்கம், பெண்கள் எல்லாரும் ஒரே வர்க்கம். தலைவிகள், மாணவிகள், ராணி ஆகியோரைச் சந்திக்கிறோம். தரை துடைக்கும் பெண்ணை எங்கும் சந்திப்பதில்லை. மின்சாரத்தால் உழவு நடக்கிறது என்ற ஒரு குறிப்புடன் குடியானவர்களும் கதையிலிருந்து விடைபெற்றுவிடுகிறார்கள்.

ரொக்கேயா கணக்குப் போடத் தெரியாதவர் அல்லர். ஆண்கள் ஏழு மணி நேரம் செய்த காரியாலய வேலையைப் பெண்கள் எப்படி இரண்டு மணியில் முடிக்கிறார்கள் என்று சுல்தானா வியக்கும்போது, ஒரு சுருட்டு எரிய அரைமணி, ஒருவன் நாளொன்றுக்குப் பன்னிரண்டு சுருட்டுப் பிடித்தால் ஆறு மணி நேரம் வீண் என்று ஸாரா கறாராகக் கணக்குச் சொல்கிறாள். உத்தியோகஸ்தர் வர்க்கத்தை இவ்வளவு சுருக்கமாக அம்பலப்படுத்திய இன்னொரு பகுதியை நான் படித்ததில்லை. (மாஜிஸ்திரேட்டின் மனைவிக்குப் பிரத்தியட்ச அநுபவம் இருந்திருக்கும்.) மிச்சமான வேளையில் ஸாரா பூத்தையல் போடுகிறாள், ஊசிக் காதில் நூல் கோக்கும் பொறுமைகூட ஆண்களுக்குக் கிடையாதாம். ஆனால் அவளுடைய ஓய்வு சுருட்டுக் கணக்கில் மட்டும் மிச்சமானதா? காலையில் அவளுக்கு உணவு தந்தவர், குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்ற கணக்கு கதையில் இல்லை. காரியாலயத்தைக் கடிகாரம் வைத்துச் சோதித்த கண், அடுக்களைக்குள் கடிகாரத்தைக் கொண்டுபோகவில்லை.

அடுப்பை ஒழித்தவர்கள், ஆளை என்ன செய்தார்கள்?

இந்தக் குறையை ரொக்கேயாவின்மேல் மட்டும் சுமத்துவது அநீதி. அவருடைய காலத்துக்குச் சற்று முன்னும் பின்னும், மேல்நாட்டில் அடுக்களையை ஒழிப்பதே ஓர் இயக்கமாக நடந்தது. கட்டடக்கலைச் சரித்திர ஆசிரியை டொலோரஸ் ஹேடன் 1981-இல் எழுதிய நூல் அந்த இயக்கத்தை விரிவாக ஆவணப்படுத்தியிருக்கிறது. எட்வர்ட் பெல்லமியின் ‘பின்னோக்கிப் பார்த்தல்’ (1888) என்ற மிகப் பிரபலமான நாவலில், கி.பி. 2000-இல் பாஸ்டன் நகரத்தில் பொதுச் சமையற்கூடங்களும் பொதுச் சலவைக்கூடங்களும் இருப்பதால் வீட்டுவேலை என்பதே கிடையாது. பரிமாறும் வாலிபனைக் கண்டு கதாநாயகன் சங்கடப்பட, கல்வி முடித்த எல்லாரும் முதல் மூன்று வருஷம் சாமானியத் தொழிலாளராகவே இருந்தாகவேண்டும், நானும் பரிமாறியிருக்கிறேன் என்று விருந்தளிப்பவர் விளக்குகிறார். வேலைக்காரனின் இருப்பை ஒப்புக்கொண்டு பதில் தேடிய அளவில் பெல்லமி நேர்மையாளர். அவருக்கு மறுப்பாக வில்லியம் மோரிஸ் எழுதிய நாவலிலோ (1890), பணமும் அரசாங்கமும் மறைந்துபோன இங்கிலாந்தில் காலைச் சிற்றுண்டியைப் பெண்களே எடுத்துவந்து வைக்கிறார்கள். வீட்டைத் திறம்பட நடத்துவது புத்திசாலிப் பெண்ணுக்கு ஆனந்தம் என்று ஒரு முதியவர் சமாதானமும் சொல்கிறார். பாராளுமன்றக் கட்டடத்தை எருக்கிடங்காக்கத் துணிந்த மோரிஸின் கற்பனை, சிற்றுண்டித் தட்டைக் கைமாற்ற மட்டும் துணியவில்லை.

பெண் ஆசிரியர்களில் இந்தப் பிரச்சினையை மிகக் கூர்மையாக ஆராய்ந்தவர் கில்மன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண் தனித்தனியே அடுப்பூதுவது எத்தனை பெரிய விரயம் என்பதை 1898-லும் 1903-லும் வந்த தம் நூல்களில் பொருளாதாரமாகவே நிறுவினார். பயிற்சி பெற்றுச் சம்பளம் வாங்கும் நிபுணர்களிடம் சமையலையும் சிசுபரிபாலனத்தையும் ஒப்படைக்கவேண்டும் என்றார். 1915-இல் தம் சொந்தப் பத்திரிகையில் தொடராக எழுதிய ‘ஹெர்லாண்ட்’ அதன் கதைவடிவம். இரண்டாயிரம் வருஷமாக ஆணின்றியே கருத்தரித்துப் பெண்களை மட்டும் பெற்று வாழும் அந்நாட்டில் வேலைக்காரர் என்று எவரும் இல்லை. ஆனால் அப்பெண்கள் ஆரிய வம்சத்தினர் என்று நாவல் கூறுகிறது. மலைக்குக் கீழேயுள்ள காடுகளில் வாழ்பவர்களை அது காட்டுமிராண்டிகள் என்று அழைக்கிறது. தகுதியற்றவர்கள் என்று கருதப்பட்ட பெண்கள் தாய்மையைத் துறக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். முன்னதான ‘மிஸோரா’விலோ கருநிற மக்கள் ஒழிக்கப்பட்டே போனார்கள், எஞ்சியிருப்பவர்கள் பொன்னிறக் கூந்தலினர்.

இவை தற்செயலான களங்கங்கள் என்று சொல்பவர்களுக்கு 1908-ஆம் வருஷத்தை நினைவூட்டவேண்டும். ‘சுல்தானாவின் கனவு’ புத்தகமான அதே வருஷத்தில், அமெரிக்க சமூகவியல் ஏடு ஒன்றில் கில்மன் எழுதிய கட்டுரை, சுயமாக முன்னேறாத கறுப்பு இனத்தாரை அரசாங்கம் கட்டாயமாகத் திரட்டி ஒரு தொழிற்படையாக அமைத்து விவசாயத்திலும் சாலை போடுவதிலும் பிற வேலைகளிலும் ஈடுபடுத்தவேண்டும் என்று யோசனை கூறுகிறது. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து அப்போது அரை நூற்றாண்டும் ஆகவில்லை. வெள்ளைப் பெண்ணை அடுப்பிலிருந்து மீட்ட அதே பேனா, மூன்றாமவரை மறந்துவிடவில்லை. அவரை இன்னார் என்று தெளிவாக அறிந்து, வேறு இடத்தில், வேறு ஏட்டில், வேலையில் பூட்டிவைத்தது. பெண்கள் வரலாற்றில் கில்மனுக்குள்ள ஸ்தானத்தை இது அழித்துவிடாது. ஆனால் அவருடைய நாவலைப் படிக்கும்போது அந்தக் கட்டுரையையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

எழுபதுகளின் விடைகள்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் விஞ்ஞானக் கதைத் துறையில் பெண்கள் அடைந்த இடத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. நம் கேள்விக்கு வேண்டியதை மட்டும் சொல்லிச் செல்வோம். ஜேம்ஸ் டிப்ட்ரீ என்ற பெயரில் எழுதியவரின் நடையில் ஆண்மையே தொனிக்கிறது என்று ராபர்ட் சில்வர்பர்க் போன்ற தேர்ந்த எழுத்தாளர் 1975-இல் அபிப்பிராயம் வெளியிட, அவர் ஆலிஸ் ஷெல்டன் என்னும் பெண்மணி என்பது ஈராண்டுக்குள் வெளியானது, அத்துறையின் அக்காலத்துப் புத்திநிலையைக் காட்டப் போதுமானது.

அர்சுலா லெ குவின் 1969-இல் எழுதிய ‘இருளின் இடக்கை’யில், நிரந்தரமான ஆண் பெண் பேதமே இல்லாத ஒரு மனித குலம் வருகிறது, எவரும் கருவுறலாம், எவரும் கருவுறச் செய்யலாம். பேதம் போனால் அடிமைத்தனமும் போகும் என்பது கற்பனையின் அடிப்படை. ஆயினும் தம் நாவலின் பிரதான பாத்திரமாகிய எஸ்ட்ராவெனை மந்திரியாகவும் துணிச்சல்காரராகவும் காட்டியதைப்போலத் தாயாகவும் குழந்தை வளர்ப்பவராகவும் காட்டத் தவறிவிட்டதாக லெ குவினே பின்னர் ஒப்புக்கொண்டார். உடற்கூற்றையே மாற்றியமைத்த ஒரு கதையிலும் தொட்டில் மேடைக்கு வரவில்லை! ஜோனா ரஸ்ஸின் ‘பெண் ஆண்’ (1975) இதைச் சரிசெய்தது. ஆண்களற்ற வைல்அவே என்ற அவருடைய உலகத்தில் குழந்தை ஐந்து வயதுவரை தாயிடம் இருக்கிறது. பிறகு பொதுப் பள்ளிக்கு அனுப்பப்படுகிறது. அங்கே எல்லாரும் அலுப்புத் தரும் வேலைகளையும் செய்கிறார்கள், சலித்துக்கொள்ளவும் செய்கிறார்கள். அந்தச் சலிப்பு எனக்கு நம்பிக்கை தருகிறது; வேலை யாவும் இன்பமாகிவிட்டதாகச் சொல்லும் இலட்சிய உலகங்களில் யாரோ ஒருவர் எங்கோ மறைவில் உழைக்கிறார் என்று சந்தேகிக்கப் பழகிவிட்டோம்.

மார்ஜ் பியர்சியின் நாவலில் (1976) வேறொன்று நிகழ்கிறது. கனவு காண்பவள் சாய்வு நாற்காலியில் அமர்ந்தவள் அல்லள். கானி ராமோஸ், நியூயார்க்கில் மனநல விடுதியில் அடைக்கப்பட்ட, ஏழையான, மெக்ஸிக வம்சாவளிப் பெண். அவளுடைய மகளை அதிகாரிகள் பிரித்துக் கொண்டுபோய்விட்டார்கள். எதிர்காலத்தின் சமத்துவ கிராமம் அவளுக்குத்தான் தரிசனம் தருகிறது. மூன்றாமவர் முதன்முறையாகக் கனவின் எஜமானியாகிறாள்.

சமையற்காரிக்குப் பெயர் உண்டு

ஆக்டேவியா பட்லரின் ‘கிண்ட்ரெட்’ (1979) இலட்சிய உலகத்தை எழுதவில்லை. 1976-இல் கலிபோர்னியாவில் வாழும் டேனா என்ற கறுப்பினத்து எழுத்தாளர், காரணம் விளக்கப்படாத ஒரு சக்தியால், மேரிலாந்தில் அடிமைமுறை நடந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பண்ணைக்கு இழுக்கப்படுகிறார். அங்கே பெரிய வீட்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு சமையற்கட்டு இருக்கிறது. அதன் தலைவி ஸாரா. ஆம், ரொக்கேயாவின் வழிகாட்டிக்கு உரிய அதே பெயர், எதேச்சையானதுதான். ஆயினும் இருவரையும் அடுத்தடுத்து நிறுத்திப் பார்க்காமலிருக்க என்னால் இயலவில்லை. ஒரு ஸாரா தன் அடுக்களையை விருந்தாளிக்குக் காட்டுகிறாள், வேலையாட்களை அப்புறப்படுத்திவிட்டு. மற்ற ஸாரா அடுக்களையை விட்டு எங்கும் போகமுடியாதவள். பண்ணைக்காரன் அவளுடைய பிள்ளைகளை விற்றுவிட்டான். வாய்பேசாத ஒரு மகளை மட்டும் விட்டுவைத்தான். அந்த ஒருத்தியை இழந்துவிடுவோம் என்ற அச்சமே அவளை அடுப்படியில் கட்டிவைத்திருக்கும் சங்கிலி. டேனா அவளிடம் சமையல் கற்றுக்கொள்கிறார். அடுப்பின் சூடு, மாவு பிசையும் கை, மிச்சத்தைப் பங்கிடும் முறை, அங்கே பரிமாறப்படும் வதந்தி, துக்கம், எச்சரிக்கை எல்லாம் நாவலில் இடம்பெறுகின்றன. எஜமானியம்மாளும் அவ்வீட்டில் இருக்கிறாள். கணவனுக்கு அடங்கியவள், ஏமாற்றமடைந்தவள், அதனாலேயே அடிமைப் பெண்களிடம் கொடியவள். மூன்று ஸ்தானங்களும் ஒரே கூரையின் கீழ், ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு, கண்ணுக்குத் தெரிகின்றன.

பட்லரின் தாயார் பிறர் வீடுகளில் வேலை செய்து மகளை வளர்த்தவர். பின்வாசல் வழியே அம்மா உள்ளே போவதையும், அவர் காது கேட்கும்படியே அவரைப் பற்றி அவமதிப்பாகப் பேசப்பட்டதையும் சிறுவயதில் பார்த்திருந்ததை இந்நாவலின் தோற்றத்தோடு பட்லரே தொடர்புபடுத்திப் பேசியிருக்கிறார். முன்தலைமுறையினர் ஏன் பணிந்துபோனார்கள் என்று கோபிக்கும் வாலிபர்களுக்கு, அந்தப் பணிவின் உள்ளே எத்தனை சாமர்த்தியமும் சகிப்பும் இருந்தன என்று காட்டவே அவர் காலத்தைப் பின்னோக்கித் திருப்பினார். ஜமீன்தாரின் மகளும் வேலைக்காரியின் மகளும் ஒரே கற்பனை வகையைக் கையாளும்போது, அடுக்களைக்குள் நுழையும் வாசல் வேறுபடுவதில் வியப்பில்லை.

தாரிணி பவன்

ரொக்கேயாவின் நூல்களில் ‘சுல்தானாவின் கனவு’க்குக் கிடைத்த புகழில் ஒரு பங்குகூட ‘பத்மராகம்’ என்ற வங்காள நாவலுக்குக் (1924) கிடைக்கவில்லை. எதிர்பாராத சந்திப்புகளும் மறைக்கப்பட்ட அடையாளங்களும் மலிந்த அதன் கதைப்பின்னல் பலவீனமானது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் முன்னதையும் பின்னதையும் பிரிக்கும் இருபது வருஷ இடைவெளியில் ஆசிரியையின் ஜீவியத்தில் நடந்ததையும் கருதவேண்டும். 1909-இல் கணவர் இறந்தார். அவர் ஒதுக்கிவைத்திருந்த பத்தாயிரம் ரூபாயைக் கொண்டு பாகல்பூரில் ஐந்து மாணவிகளுடன் பள்ளி தொடங்கினார். கணவரது முந்திய தாரத்து உறவினரின் தொல்லையால் அங்கிருந்து பெயர்ந்து, 1911-இல் கல்கத்தாவில் எட்டு மாணவிகளுடன் மறுபடி ஆரம்பித்தார். பெண்ணாட்டில் ஆகாயரதம் ஓட்டியவர், கல்கத்தாவில் மாணவிகளை அழைத்துவரும் பள்ளி வண்டிக்குக் காற்றுப் புகாதபடி திரை போடவேண்டியிருந்தது. உள்ளே சிறுமிகள் மூர்ச்சை போட்டு விழுந்தார்கள். திரையைத் தளர்த்தினாலோ, கோஷா கெட்டதென்று பெற்றோரும் ஊராரும் கடிதம் எழுதினார்கள். ஆசிரியைகளைத் தேடுவது, சம்பளம் கொடுப்பது, வேலைக்காரிகளை அமர்த்துவது என்று, கடிகாரத்தை அடுக்களைக்குள்ளும் கொண்டுபோக நேர்ந்த வருஷங்கள் அவை.

‘பத்மராக’த்தின் களம் தாரிணி பவன் என்னும் ஸ்தாபனம், தீனதாரிணி என்ற பிரம்ம சமாஜத்து விதவை, உறவினரின் விரோதத்தைப் பொருட்படுத்தாமல் நிறுவியது. ஒரு பள்ளி, நோயாளிகளுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் ஒரு விடுதி, தொழிற்கூடம் ஆகியவை அதில் உண்டு. ஹிந்து, பிரம்ம சமாஜம், முஸ்லிம், கிறிஸ்துவர் எனப் பல மதத்துப் பெண்கள், ஓர் ஆங்கிலப் பெண் உட்பட, அங்கே சேர்ந்து வாழ்கிறார்கள். தைக்கிறார்கள், புத்தகம் கட்டுகிறார்கள், நோயாளிகளைப் பேணுகிறார்கள், பாடம் சொல்லிக்கொடுக்கிறார்கள். தங்கள் வாழ்க்கையை நாசம் செய்த குடும்பங்களின் கதைகளை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். கதாநாயகி ஸித்திக்கா, தன்னை ஒருமுறை நிராகரித்துவிட்டுப் பிறகு திரும்ப அழைக்கும் கணவனிடம் போக மறுக்கிறாள். இங்கே ஆண்களை எவரும் பூட்டிவைக்கவில்லை. சூரியக் குழாயும் இல்லை. அற்புதங்கள் யாவும் நீங்கிய நிலையில், உழைக்கும் கைகள் காட்சிக்கு வந்துவிடுகின்றன. இரண்டு நூல்களையும் ஒரே தொகுதியாக ஆங்கிலத்தில் வெளியிட்ட பர்னிதா பாக்சி, இரண்டையும் இலட்சிய உலக எழுத்துகளாகவே அருகருகே வைத்தது நல்ல விமர்சனச் செயல். அவ்வாறு வைத்தபின், பின்னதைத் துணிச்சல் குறைந்த சமரசமாகக் கருதும் வழக்கமான மதிப்பீட்டை நான் ஏற்கமாட்டேன். முன்னது கேட்கத் தவறிய கேள்விக்குப் பின்னது பாதி விடை அளிக்கிறது.

பாதி என்பதற்குக் காரணம் உண்டு. தாரிணி பவன் ஒரு செல்வ விதவையின் சொத்தில் நிற்கிறது. ஆசிரியையின் சொந்தப் பள்ளி ஓர் உத்தியோகஸ்தரின் சேமிப்பில் நின்றது. ஸித்திக்காவின் குடும்பத்தைப் பாழாக்கியவன் ஒரு வெள்ளைக்கார நீலத்தோட்ட முதலாளி என்று நாவல் குற்றம் சாட்டுகிறது. வங்காளத்தில் அவுரி பயிரிட நிர்ப்பந்திக்கப்பட்ட குடியானவர்கள் 1859-இலும் அடுத்த வருஷத்திலும் கிளர்ந்தெழுந்த சரித்திரத்தை அறிந்த வாசகனுக்கு, அந்தக் குற்றச்சாட்டு ஜமீன் மாளிகையின் பக்கத்திலிருந்தே எழுதப்பட்டிருப்பது தெரியாமற்போகாது. தாரிணி பவனின் கல்விச் செலவு எந்தக் குத்தகையிலிருந்து வந்தது, அந்த நிலத்தை உழுதவர்களின் வீட்டுப் பெண்கள் எந்த அடுப்பில் சமைத்தார்கள் என்ற விசாரணை, ‘பத்மராக’த்தைப் பற்றி இனி எழுதப்படவேண்டிய ஆராய்ச்சிகளின் முதல் அத்தியாயமாக இருக்கத் தகும்.